எங்கே வெட்டுவது, ஏன் வெட்டுவது?
வீடியோ படத்தொகுப்பில் முதல் பாடங்கள்

மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இந்தச் செய்தியை மூன்று நிமிட வீடியோவாக எடுத்து, பள்ளி அறிவியல் மன்றத்தில் காட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மண்பானை, ஓர் எவர்சில்வர் குடம், இரண்டு வெப்பமானிகள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கைபேசி ஆகியவை போதும். சோதனை இரண்டு மணி நேரம் நடக்கும். காட்ட வேண்டியதோ மூன்றே நிமிடம்.

மீதி ஒரு மணி ஐம்பத்தேழு நிமிடத்தை என்ன செய்வது? எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, எதை எதன் பக்கத்தில் வைப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் வேலைக்குத்தான் படத்தொகுப்பு என்று பெயர். ஆங்கிலச் சொல்லால் 'எடிட்டிங்' என்றும் சொல்கிறோம்.

புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது, சார்?" என்பதே. ஷாட்கட், கேடென்லைவ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் பாடங்களுக்கு அவற்றில் எதுவாயினும் போதும். திறமை மென்பொருளில் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்லத் தெரிவதில் இருக்கிறது. அந்தக் காரணங்கள் சிலவற்றை இங்கே காண்போம்.

விநாடிக்கு எத்தனை படங்கள்?

வீடியோ என்பது அசையும் படம் அன்று. அசையாத படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் 'பிரேம்' என்கிறோம். பேசும் படம் வந்த காலத்திலிருந்து திரைப்படத்தில் விநாடிக்கு 24 பிரேம்கள் என்பது வழக்கமாயிற்று. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் அது 25. பல கைபேசிகள் 30 பிரேம்கள் எடுக்கின்றன.

நிலையான படங்கள் அசைவதாகத் தோன்றுவது ஏன்? கண்ணில் பட்ட உருவம் சிறிது நேரம் நீடிப்பதுதான் காரணம் என்று பழைய நூல்கள் சொல்லும். அது முழு விடை அன்று. அருகருகே அடுத்தடுத்துத் தோன்றும் இரண்டு நிலைகளை, மூளை ஓர் அசைவாக இணைத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912-ல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆகவே, படத்தொகுப்பாளரின் வேலை திரையில் தொடங்கி, பார்ப்பவரின் மூளையில் முடிகிறது.

இந்தக் கட்டுரையில் விநாடிக்கு 25 பிரேம்கள் என்றே கணக்கிடுவோம். ஒரு பிரேமின் காலம் 1/25 விநாடி, அதாவது 40 மில்லி விநாடி. மூன்று நிமிட வீடியோவில் 4,500 பிரேம்கள் உள்ளன. இரண்டு மணி நேரச் சோதனையை முழுவதும் எடுத்தால் 1,80,000 பிரேம்கள். நாற்பதில் ஒரு பங்கைத்தான் நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

இந்த விகிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1979-ல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் நவ்' என்ற அமெரிக்கப் படத்துக்கு ஏறத்தாழ 12,50,000 அடி பிலிம் எடுக்கப்பட்டது என்று அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான வால்ட்டர் மர்ச் எழுதியிருக்கிறார். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். விநாடிக்கு 24 பிரேம்கள். அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள்: 230 மணி நேரத்துக்கு மேல் வரும். வெளியான படமோ சுமார் இரண்டரை மணி நேரந்தான். காட்டிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறக்குறைய 95 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டன.

அந்நாளில் பிலிமை உண்மையாகவே வெட்டி ஒட்டினார்கள். படத்தைச் சிறு திரையில் ஓட்டிப் பார்த்து வெட்டுவதற்காக மூவியோலா என்ற கருவியை இவான் செருரியர் என்பவர் 1924-ல் உருவாக்கினார். கணினியில் தொகுக்கும் முறை 1990-களில் பரவியது. கணினியில் தொகுக்கப்பட்டு, தொகுப்புக்கான ஆஸ்கார் பரிசை முதன்முதலில் வென்ற படம் 1996-ல் வெளியான 'தி இங்கிலீஷ் பேஷண்ட்'. அதைத் தொகுத்தவரும் மர்ச்தான். இன்று வெட்டு தவறினால் ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பிவிடலாம், மூலப்படம் அழிவதில்லை. ஆனாலும் மூலப்படத்தின் நகல் ஒன்றை வேறிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் தொகுப்பில் இறங்க வேண்டும். இது முதல் விதி.

இரண்டு படங்கள், மூன்றாவது பொருள்

இடைவெட்டு இல்லாமல் தொடர்ச்சியாக எடுத்த துண்டுக்கு 'ஷாட்' என்று பெயர். ஒரு ஷாட்டுக்குத் தனியே உள்ள பொருள் வேறு. மற்றொன்றின் பக்கத்தில் வைக்கும்போது அதற்கு வரும் பொருள் வேறு.

இதைக் காட்ட, ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் 1920-ல் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கு அருகிலும், ஒரு சவப்பெட்டிக்கு அருகிலும், ஒரு பெண்ணுக்கு அருகிலும் ஒட்டிக் காட்டினார். முகம் முதலில் பசியையும், அடுத்து துயரத்தையும், பிறகு ஆசையையும் காட்டியதாகப் பார்த்தவர்கள் நடிகரைப் பாராட்டினார்கள் என்பது நமக்குக் கிடைத்துள்ள செய்தி. பிற்காலத்தில் உளவியலாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் எப்போதும் ஒன்றுபோல அமையவில்லை. எனினும் அடிப்படைக் கருத்தைப் படத்தொகுப்பாளர்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

நம் பானைக்கு வருவோம். ஒரு சிறுமி தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இதற்கு முன்னால் வெயில் கொளுத்தும் தெருவை வைத்தால், "அப்பாடா, என்ன குளிர்ச்சி!" என்று பொருள். வெப்பமானியை முன்னால் வைத்தால், அவள் சோதனையின் முடிவைச் சுவைத்துப் பார்க்கிறாள் என்று பொருள். மருந்துப் புட்டியை வைத்தாலோ, அவளுக்குக் கசப்பு என்று பொருள். சிறுமியின் முகம் மாறவேயில்லை. ஆகையால், எந்த இரண்டு ஷாட்டுகளை ஒட்டினாலும், "இவை சேர்ந்து என்ன சொல்கின்றன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுத்தாத வெட்டு

பானையை ஒருவர் சாய்ப்பதைத் தூரத்திலிருந்து ஒரு ஷாட்டும், நீர் விழுவதை அருகிலிருந்து ஒரு ஷாட்டும் எடுத்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது? சாய்க்கத் தொடங்கும் முன் வெட்டினால் தயக்கமாகத் தெரியும். சாய்த்து முடித்தபின் வெட்டினால் மந்தமாக இருக்கும். கை அசைந்துகொண்டிருக்கும்போதே வெட்டினால், வெட்டு இருப்பதே தெரியாது.

காரணம் என்ன? ஒரு கண்ணாடி முன் நின்று, உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண்கள் அசைவதை உங்களால் பார்க்க முடியாது; பக்கத்தில் நிற்கும் நண்பருக்கு அது நன்றாகத் தெரியும். பார்வை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில், வரும் காட்சியை மூளை பெரிதும் அடக்கிவிடுகிறது. திரையில் ஓர் அசைவு நிகழும்போது கவனம் அதன் பின்னே ஓடுகிறது. வெட்டு அதில் மறைந்துவிடுகிறது. இதற்காக, ஒரே செயலை இரண்டு தூரங்களிலிருந்தும் முழுமையாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. ஒரே பொருளை ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு ஷாட்டுகளை ஒட்டினால், பொருள் துள்ளி விழுவதுபோல் தெரியும். கேமராவின் கோணத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் மாற்றுங்கள். அல்லது தூரத்தை நன்றாக மாற்றுங்கள்.

மற்றொன்று திசை பற்றியது. கபடி ஆட்டத்தை எடுக்கிறீர்கள். பாடி வருபவர் இடமிருந்து வலமாகச் செல்கிறார். அடுத்த ஷாட்டை ஆடுகளத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் அவர் வலமிருந்து இடமாகச் செல்வார். பாடாமலே திரும்பி ஓடுகிறார் போலிருக்கிறதே என்று பார்ப்பவர் குழம்புவார். இயற்பியலில் ஆய அச்சின் திசையை மாற்றினால் திசைவேகத்தின் குறி மாறுவது போலத்தான் இது. ஆகவே ஆடுகளத்தின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள்.

ஒலியும் ஒளியும்

கிரிக்கெட் மட்டையில் பந்து படுவதை 70 மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கிறீர்கள். வெப்பமான நாளில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒலி வந்து சேர 0.2 விநாடி ஆகிறது. அதாவது, பந்து பட்ட பிரேமுக்கு 5 பிரேம்கள் கழித்துத்தான் 'டக்' என்ற சத்தம் பதிவாகும். 14 மீட்டருக்கு ஒரு பிரேம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளில் ஒலியைத் தனியே பிரித்து, 5 பிரேம்கள் முன்னால் நகர்த்திவிடலாம். அதற்கு மேல் நகர்த்திவிடாதீர்கள். ஒலி சற்றுப் பிந்தினால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முந்தினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இயற்கையில் இடிக்கு முன்னால் மின்னல்தானே தெரிகிறது!

ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்தால், ஷாட்டின் தொடக்கத்தில் கேமரா முன் ஒரு முறை கைதட்டுங்கள். கைகள் சேரும் பிரேமையும், ஒலி வரைபடத்தில் ஊசிபோல் உயரும் இடத்தையும் ஒன்றாகப் பொருத்தினால் போதும். படப்பிடிப்பில் கிளாப் பலகை அடிப்பதன் பயன்களில் ஒன்று இதுவே.

ஒலியையும் படத்தையும் எப்போதும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டியதில்லை. சிறுமி குடிக்கும் ஷாட் தெரியும் முன்பே, தம்ளரில் நீர் விழும் ஓசை அரை விநாடி முன்னதாகக் கேட்கட்டும். காது முதலில் போய்க் கதவைத் திறக்கும். கண் பின்னால் நுழையும். வெட்டு மென்மையாகிவிடும்.

வெட்டு பொய் சொல்லுமா?

இதுவரை சொன்னவை, வெட்டைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் செய்யும் வழிகள். தெரியாமல் செய்ய முடியும் என்றாலே, ஏமாற்றவும் முடியும் என்று பொருள். அறிவியல் மாணவர்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இது.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலைவுக்கு 2 விநாடி, அதாவது 50 பிரேம்கள். கோடியில் குண்டு ஏறத்தாழ நின்று திரும்பும் கணம் சலிப்பாக இருக்கிறதென்று, ஒரு பக்கக் கோடியில் மட்டும் ஒவ்வோர் அலைவிலும் 5 பிரேம்களை நீக்குகிறார் ஒருவர். கோடிக்கு 0.1 விநாடி முன்னும் 0.1 விநாடி பின்னும் குண்டு ஒரே இடத்தில் இருக்கும். ஆகவே ஒட்டு தெரியாது. இப்போது ஓர் அலைவுக்கு 45 பிரேம்கள், அதாவது 1.8 விநாடி. இந்த வீடியோவைப் பார்த்து ஒரு மாணவர் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், சுமார் 9.8 வர வேண்டிய இடத்தில் 12.2 வரும். ஐந்தே பிரேம்கள் பூமியையே மாற்றிவிட்டன!

இது கற்பனை எடுத்துக்காட்டு. நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1958-ல் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வில்டர்னெஸ்' என்ற இயற்கை ஆவணப்படத்தை வெளியிட்டது. அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. துருவப் பகுதியில் வாழும் லெம்மிங் என்ற எலி போன்ற சிறு விலங்குகள், கூட்டங்கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து கடலில் விழுந்து மாய்வதாக அதில் ஒரு காட்சி வந்தது. உண்மையில் அது கனடாவில், கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்டது. விலங்குகள் வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவை. சிறு கூட்டத்தை நெருக்கமான கோணங்களில் எடுத்து, திரும்பத் திரும்ப ஒட்டிப் பெருங்கூட்டமாகக் காட்டினார்கள். அவை தாமாகக் குதிக்கவுமில்லை, தள்ளப்பட்டன. 1982-ல் கனடா நாட்டின் சி.பி.சி. தொலைக்காட்சி இதை வெளிப்படுத்தியது. லெம்மிங்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிச் சரிவது உண்மை. இடம் பெயரும்போது நீரில் மூழ்கிச் சில இறப்பதும் உண்டு. கூட்டத் தற்கொலை என்பது கட்டுக்கதை. ஆனால் அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அதைக் கட்டுக்கதை என்று சொல்லி நம்ப வைப்பது எளிதா?

நம் பானைச் சோதனையிலும் இந்த ஆபத்து உண்டு. பானையை நிழலிலும் குடத்தை வெயிலிலும் வைத்து, இரண்டையும் அருகருகே ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர் இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததாகவே நம்புவார். இதைத் தவிர்க்க, பானையும் குடமும் கடிகாரமும் ஒன்றாகத் தெரியும் ஒரு ஷாட்டைத் தொடக்கத்திலும் முடிவிலும் வையுங்கள். 31 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குத் தாவும்போது, இடையில் இரண்டு மணி நேரம் கழிந்ததைக் கடிகாரத்தாலோ எழுத்தாலோ சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையும் உங்களுக்கு வரும். மழை ஓய்ந்து காற்றில் ஈரம் நிறைந்த ஒரு நாளில் எடுத்தபோது, பானையின் நீர் ஒரு டிகிரிதான் குளிர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். "இதை வெட்டி எறிந்துவிடலாம், நல்ல நாளில் எடுத்ததை மட்டும் வைப்போம்" என்று தோன்றும். வெட்டாதீர்கள்! காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் ஆவியாதல் குறையும்; குளிர்ச்சியும் குறையும். அந்தத் 'தோல்வி' ஷாட்தான் உங்கள் விளக்கம் சரி என்பதற்கு மிகச் சிறந்த சான்று. இரண்டு நாட்களையும் அருகருகே வையுங்கள். குலெஷோவ் காட்டிய வித்தை இப்போது உண்மையின் பக்கம் வேலை செய்யும்.

அப்படியானால் கிரிக்கெட் ஒலியை நகர்த்தியது பொய்யா? ஆட்டத்தைக் காட்டும் படத்தில் அது பொய் அன்று. அங்கே ஒலியின் வேகத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் "ஒலியின் வேகத்தை அளப்பது எப்படி?" என்ற படத்தில் அந்த 5 பிரேம்களை நகர்த்தினால், சோதனையையே அழித்துவிட்டீர்கள். ஒரே வெட்டு ஒரு படத்தில் சரி, மற்றொன்றில் தவறு. உங்கள் படம் எதைச் சொல்கிறதோ, அதை மாற்றிவிடாத வெட்டே நேர்மையான வெட்டு.

செய்து பாருங்கள்

1. தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். வெட்டுகளை எண்ணுங்கள். மறுமுறை, ஒவ்வொரு வெட்டுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

2. நண்பர் ஒருவரின் சலனமற்ற முகத்தைப் பத்து விநாடி எடுங்கள். அதை மூன்று வெவ்வேறு ஷாட்டுகளுடன் ஒட்டி, மூன்று பேருக்குத் தனித்தனியே காட்டுங்கள். முகத்தில் என்ன கண்டார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

3. குடத்தைச் சாய்க்கும் செயலை அருகிலும் தொலைவிலும் எடுங்கள். அசைவின் நடுவில் வெட்டிய பின், வெட்டை 5 பிரேம்கள் முன்னும் 5 பிரேம்கள் பின்னும் தள்ளிப் பாருங்கள். எது உறுத்தவில்லை?

4. திறந்த மைதானத்தில் 70 மீட்டர் தூரத்தில் நண்பரை ஒரு தட்டை அடிக்கச் சொல்லி எடுங்கள். அடிக்கும் பிரேமுக்கும் ஒலிக்கும் இடையே உள்ள பிரேம்களை எண்ணி, ஒலியின் வேகத்தைக் கணக்கிடுங்கள். ஐந்து பிரேம்களில் ஒரு பிரேம் தவறினால் பிழை 20 விழுக்காடு. விநாடிக்கு 60 பிரேம்கள் எடுக்கும் கைபேசியானால் பிழை எவ்வளவு குறையும்?

5. பானைச் சோதனையை முதலில் மூன்று நிமிடமாகவும், பிறகு அதையே ஒரு நிமிடமாகவும் தொகுங்கள். இரண்டாவது தொகுப்பில் நீக்கிய ஒவ்வொரு ஷாட்டையும் குறித்து, "இது இல்லாததால் பார்ப்பவர் தவறாக எதையாவது நம்புவாரா?" என்று கேளுங்கள். 'ஆம்' என்று விடை வந்தால், அந்த ஷாட் திரும்ப உள்ளே வர வேண்டும்.

இந்த ஐந்தையும் முடித்தபின், உங்கள் தொகுப்பை மன்றத்தில் காட்டுங்கள். எந்த வெட்டைச் சுட்டி யார் "ஏன்?" என்று கேட்டாலும் உங்களால் காரணம் சொல்ல முடிந்தால், நீங்கள் நல்ல படத்தொகுப்பாளராக வளரத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.